கணக்கிலிருந்து லிங்க் அனுப்பும்போது உங்கள் பெயர் வெளியே வராமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற டவுனில் பெயரை மறைப்பதும் கோலாலம்பூரில் மறைப்பதும் ஒன்றில்லை. இங்கே ஒரு வாட்சாப் குழுவில் 200 பேர் இருந்தால் அதில் பாதிப் பேருக்கு உங்கள் அப்பாவைத் தெரியும், மீதிப் பேருக்கு உங்கள் மாமாவைத் தெரியும். முழுப்பெயர் தெரியவேண்டிய அவசியமே இல்லை. ஈமெயிலின் முதல் நான்கு எழுத்து, புரொஃபைல் படத்தில் மூலையில் தெரியும் வீட்டு கேட், இவ்வளவு போதும், "இது லயத்துக் கடைசி வீட்டுப் பொண்ணு" என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

தோட்ட வீட்டில் தண்ணீர் வராததைப் படம் எடுத்து வெளியே தெரிவிக்க நினைப்பவர், கோயில் வரவுசெலவுக் கணக்கு ஏன் பலகையில் ஒட்டப்படவில்லை என்று கேட்க நினைப்பவர், பள்ளிக் கூட்டத்தில் எழுந்து பேசப் பயப்படும் அம்மா, வீட்டில் அடி வாங்கிக்கொண்டு உதவி தேடும் பெண். இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு ஃபார்ம் செய்து கொடுப்பது, கோப்பு ஏற்றிக் கொடுப்பது என்று உட்கார்ந்து பார்த்ததில், எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்றுதான்: லிங்க்கின் கடைசியில் இருக்கும் எழுத்துகளை, அதாவது அதன் வாலை, வெட்டினால் போதும் என்று அங்கேயிருந்து ஆரம்பிக்கிறார்கள். அது நடுவில் வர வேண்டிய வேலை. கணக்கு, கோப்பு, லிங்க், வால், அனுப்பும் வழி, சோதனை. இந்த வரிசை மாறினால் முன்னால் செய்த வேலை வீணாகிவிடும்.

1. யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். குழுவில் இருக்கும் மற்றவர்களிடமிருந்தா? விஷயம் யாரைப் பற்றியதோ அவரிடமிருந்தா, அதாவது மேனேஜர், கிராணி (தோட்ட எழுத்தர்), கமிட்டித் தலைவர், கணவர்? இல்லை, கூகுள், மெட்டா, டிக்டாக் போன்ற நிறுவனங்களிடமிருந்தா?

இந்த வழிகாட்டி முதல் இரண்டுக்கு மட்டும்தான். நிறுவனங்களுக்கு நீங்கள் யார் என்பது தெரிந்தேதான் இருக்கும். நாம் பயன்படுத்தும் சிம் மைகார்டு காட்டி வாங்கியது, அந்த எண்ணில்தான் கணக்கு திறக்கிறோம். போலீஸ் முறைப்படி கேட்டால் விவரம் போகும். அதனால் பொய்யான குற்றச்சாட்டையோ அடுத்தவர் மானத்தை வாங்கும் பேச்சையோ அனுப்ப இந்த முறை உதவாது, அதற்காக இதை எழுதவும் இல்லை.

லஞ்சம், பண முறைகேடு மாதிரி விஷயம் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டில் வந்த தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம் (711ஆம் சட்டம்) அமலாக்க அமைப்பிடம் போய்ச் சொல்பவருக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. குழுவிலோ முகநூலிலோ போட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தோட்ட வீட்டின் நிலை, தண்ணீர், கூரை என்றால் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். ஊருக்கெல்லாம் லிங்க் அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கம் போகலாமா என்று யோசியுங்கள்.

2. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் நல்லது. கைப்பேசியில் லிங்க் முழுதாகத் தெரியாது, ஆப் குறுக்கே வந்து தானே திறந்துகொள்ளும்.

அப்புறம், இந்த வேலைக்கென்று தனியாக ஒரு பிரவுசர் புரொஃபைல், அதாவது கணக்கும் பதிவுகளும் மற்றதோடு கலக்காத தனி அறை மாதிரி ஒன்று. அதே குரோமில் இரண்டாவது கணக்கைச் சேர்த்துக்கொள்வது போதாது, ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். ஒட்டிப் பார்த்து வெட்டுவதற்கு ஒரு நோட்பேட். கடைசியாக, உங்களை நம்பும் ஒருவரின் கைப்பேசி. இந்தக் கடைசிப் பொருளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் உண்மையான சோதனை அதில்தான் நடக்கும்.

3. எந்தக் கணக்கில் நிற்கிறீர்கள்?

வலது மூலையில் இருக்கும் வட்டத்தைப் பாருங்கள். அதில் இருக்கும் படமும் பெயரும்தான் நீங்கள் உருவாக்கப்போகும் லிங்க்கோடு போகும்.

கூகுள் டிரைவில் ஒரு கோப்பை 'எனிஒன் வித் த லிங்க்' என்று திறந்துவிட்டால், உரிமையாளராக உங்கள் பெயரும் ஈமெயிலும் அதைப் பார்ப்பவருக்குத் தெரியலாம். கோப்புக்குள் உங்கள் பெயரை எங்கேயும் எழுதவில்லை என்பதால் பயன் இல்லை, விவரங்கள் பகுதியைத் திறந்தால் 'ஓனர்' என்று இருக்கும். கூகுள் போட்டோஸ் ஆல்பமும் அப்படித்தான், லிங்க்கைத் திறப்பவருக்கு ஆல்பம் யாருடையது என்று மேலேயே காட்டும்.

ஆகவே தனிக் கணக்கு வேண்டும். அதைத் திறக்கும்போது கவனிக்க வேண்டியவை சில.

பெயரில் உங்களைச் சேர்ந்த எதுவும் வேண்டாம். பட்டப்பெயர், பிறந்த வருடம், குழந்தையின் பெயர், தோட்டத்தின் பெயர், எதுவும். "நம்ம ஊர் குரல்" மாதிரி ஊரைச் சொல்லும் பெயர்கூட ஆளைச் சுருக்கிவிடும். புரொஃபைல் படத்தை வெறுமையாக விடுங்கள், வீட்டு வாசல் ரோஜாச் செடி படம்கூட வேண்டாம்.

மீட்பு எண்ணாக எல்லோருக்கும் தெரிந்த உங்கள் எண்ணைக் கொடுக்காமல் இருக்க முடிந்தால் நல்லது. காரணம் இதுதான்: யாராவது உங்கள் புது ஈமெயிலைப் போட்டு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால், சில சேவைகள் மீட்பு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் காட்டும். பெரிய நகரத்தில் அந்த இரண்டு இலக்கத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நம் டவுனில், சந்தேகப்படுகிற நான்கு பேரின் எண் ஏற்கெனவே கைப்பேசியில் இருக்கும்போது, அது போதும்.

இப்போது பிரவுசர் புரொஃபைல் விஷயம். ஒரே குரோமில் இரண்டு கூகுள் கணக்கு இருந்தால், புதிய தாவலில் டிரைவைத் திறக்கும்போது எப்போதும் முதலில் நுழைந்த கணக்குதான் திறக்கும். புதுக் கணக்கில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே பழைய கணக்கில் கோப்பு உருவாக்கியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தனி புரொஃபைலில் ஒரே கணக்குதான் இருக்கும் என்பதால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

வேலை இடத்துக் கணக்கு, பள்ளிக் கணக்கு இரண்டையும் இந்த வேலைக்குத் தொடவே கூடாது. கம்பெனியின் ஒன்டிரைவ் லிங்க்கை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், முகவரியின் நடுவில் உங்கள் ஈமெயில் அப்படியே இருக்கும், புள்ளியும் அட் குறியும் இருக்கும் இடத்தில் அடிக்கோடு மட்டும் வந்திருக்கும். பிள்ளையின் டெலிமா (கல்வி அமைச்சின் கற்றல் தளம்) கணக்கில் கூகுள் ஃபார்ம் செய்து அனுப்பும் பெற்றோரும் உண்டு, வீட்டில் திறந்திருக்கிற கணக்கு அதுதானே. அந்த ஃபார்மின் அடியில் அது எந்த அமைப்புக்குள் உருவாக்கப்பட்டது என்று ஒரு வரி வரும். கேள்வி கேட்ட அம்மாவைத் தேட வேண்டிய வேலையே இல்லை, பிள்ளையின் கணக்கு வழியாக வந்து நிற்பார்கள்.

4. ஏற்றுவதற்கு முன் கோப்பைச் சுத்தம் செய்யுங்கள்

ஏற்றிய பிறகு திருத்தலாம் என்று விடாதீர்கள். டிரைவில் அதே கோப்பின் மேல் புதியதை ஏற்றினால் பழைய பதிப்பு 30 நாள் வரை உள்ளே இருக்கும். திருத்தும் உரிமை உள்ளவர் அதை எடுத்துப் பார்க்கலாம்.

படங்கள். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரம், கைப்பேசியின் மாடல், இடம் பதிவு செய்யும் வசதி திறந்திருந்தால் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகூட இருக்கும். தோட்டத்தில் அது எந்த லயம் என்பது வரை காட்டிக்கொடுக்கும். வாட்சாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் நீங்கிவிடும், ஆனால் தெளிவு குறையக் கூடாது என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் எல்லாம் அப்படியே போகும். சுலபமான வழி: படத்தைத் திரை முழுக்கத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஏற்றுங்கள். விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கு, 'பிராப்பர்டீஸ்', 'டீடெய்ல்ஸ்', அடியில் தனிப்பட்ட விவரங்களை நீக்கும் வரி ஒன்று இருக்கும், அதுவும் சரி.

ஸ்கிரீன்ஷாட்டிலும் மேல் பட்டையை வெட்டுங்கள். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயர், நேரம், யாரிடமிருந்தோ வந்த அறிவிப்பின் சின்னம் எல்லாம் அங்கேதான் நிற்கும். குழு உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் என்றால் இன்னும் கவனம் தேவை. வலது பக்கம் வருவது எடுத்தவர் எழுதியது. அடுத்தவர்களின் பெயர் நீங்கள் எப்படிச் சேமித்தீர்களோ அப்படித்தான் தெரியும். "பெரிய அத்தை", "ராணி அக்கா ஸ்டோர்" என்று இருந்தால், அவர்களை அப்படிக் கூப்பிடுபவர் யார் என்று ஊருக்கே தெரியும்.

சம்பளச் சீட்டு மாதிரி தாளைப் படம் எடுத்தால் பெயரையும் ஐசி எண்ணையும் மறைக்கிறார்கள், ஊழியர் எண்ணை விட்டுவிடுகிறார்கள். நாள்வாரியாக எத்தனை நாள் வேலை, எவ்வளவு எடை என்று இருக்கும் கட்டங்களும் அப்படித்தான். அலுவலகத்தில் அதே தாள் இருக்கிறது, ஒப்பிட்டால் யாருடையது என்று உடனே தெரியும். தாளின் எந்த வரி உங்கள் புகாருக்குத் தேவையோ அந்த வரி மட்டும் தெரிந்தால் போதும், மற்றதை மூடுங்கள்.

மூடுவதற்குக் கைப்பேசியின் ஹைலைட்டர் கருப்பைப் பயன்படுத்தாதீர்கள். அது பாதி ஒளி விடும், வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரியும். முழுக் கருப்புக் கட்டம் போட்டு, அதற்கு மேல் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் பயன்படுத்துங்கள். வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ படத்தை ஒட்டி அங்கேயே கத்தரிப்பதும் பிழை, கத்தரித்த பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும், திருத்தும் உரிமை உள்ளவர் ஒரு சொடுக்கில் முழுப் படத்தையும் திரும்ப எடுக்கலாம்.

வேர்டு கோப்பு என்றால் எழுதியவர் பெயர் தானாக ஏறியிருக்கும். 'ஃபைல்', 'இன்ஃபோ', 'செக் ஃபார் இஷ்யூஸ்', 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' என்று போய் நீக்கிவிட்டு, பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள்.

5. லிங்க்கை உருவாக்குவது

பழைய கணக்கிலிருந்து புதுக் கணக்குக்குக் கோப்பைப் 'ஷேர்' செய்து கொண்டுவராதீர்கள். இரண்டு கணக்குக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கம்ப்யூட்டரில் இறக்கி, சுத்தம் செய்து, புதுக் கணக்கில் புதிதாக ஏற்றுங்கள்.

உரிமையை 'வியூவர்' என்றே வையுங்கள். 'எடிட்டர்' என்று கொடுத்தால் பதிப்பு வரலாறு முழுவதையும் அவர்கள் பார்க்கலாம், கோப்பையே மாற்றி வேறு மாதிரி சுற்றவும் விடலாம்.

கூகுள் ஃபார்ம் வைத்து ஊர்மக்களிடம் புகார் சேகரிப்பவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கே ஆபத்து உங்களுக்கு மட்டுமில்லை, நிரப்பித் தருபவர்களுக்கும்தான். அமைப்புகளில் ஈமெயில் சேகரிப்பதை நிறுத்துங்கள். கோப்பு ஏற்றும் கேள்வி வைக்காதீர்கள். வைத்தால் நிரப்புபவர் கூகுளில் நுழைந்தே ஆக வேண்டும், அவர் பெயரும் பதிவாகும். 'எடிட்' என்று முடியும் முகவரியை அனுப்பாமல், 'சென்ட்' பொத்தானில் வரும் லிங்க்கை அனுப்புங்கள். பதில்களின் சுருக்கத்தை எல்லோரும் பார்க்கும் வசதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அது திறந்திருந்தால் ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்கலாம், 40 வீடு உள்ள தோட்டத்தில் "எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், கூரை ஒழுகுது" என்ற ஒரு வரியே ஆளைச் சொல்லிவிடும்.

நிரப்புபவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அனுப்பிய பிறகு 'உங்கள் பதிலைத் திருத்துங்கள்' என்று வரும் லிங்க்கை ஃபார்ம் லிங்க் என்று நினைத்து நண்பர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதைத் திறப்பவர் அவர் எழுதிய எல்லாவற்றையும் பார்ப்பார், மாற்றவும் செய்வார். முன்கூட்டியே நிரப்பிய லிங்க்கும் அப்படித்தான், எழுதிய பெயர் முகவரிக்குள்ளேயே இருக்கும்.

6. வாலை வெட்டுவது

ஒரு லிங்க்கில் கேள்விக்குறிக்கு (?) முன்னால் இருப்பது எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பவை துண்டு துண்டான தகவல்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் & குறி இருக்கும். அதில் சில பக்கம் திறப்பதற்குத் தேவை, சில யார் பகிர்ந்தார் என்று பின்தொடர வைத்தவை.

யூடியூப்: பகிர் பொத்தானில் வரும் குறுகிய லிங்க்கில், எஸ், ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்தோடு ஒரு நீளமான குறி வரும். கேள்விக்குறியிலிருந்து எல்லாவற்றையும் நீக்கலாம். நீளமான லிங்க் என்றால் வி என்ற எழுத்தோடு வருவதை விட்டுவைக்க வேண்டும், அதுதான் வீடியோவின் அடையாளம். டி என்பது எந்த வினாடியிலிருந்து ஓட வேண்டும் என்பது, வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இன்ஸ்டாகிராம்: ஐ, ஜி, எஸ், ஹெச் என்று ஆரம்பிக்கும் துண்டு. கேள்விக்குறியோடு சேர்த்து நீக்குங்கள், பதிவு அப்படியே திறக்கும். ஸ்பாட்டிஃபையிலும் எக்ஸ் தளத்திலும் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது முழுவதும் போகலாம்.

டிக்டாக்கில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். ஆப் தருவது குறுகிய லிங்க், அதில் வெட்டுவதற்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அது உங்கள் கணக்கோடு கட்டப்பட்டது. அடுத்தவர் அதைத் தன் டிக்டாக்கில் திறந்தால் நீங்கள் பகிர்ந்தீர்கள் என்று உங்கள் பெயரோடும் படத்தோடும் காட்டலாம். புனைபெயரில் டெலிகிராம் குழுவில் போட்டு, ஐந்து நிமிடத்தில் யார் என்று தெரிந்துபோன கதை இப்படித்தான் நடக்கிறது. செய்ய வேண்டியது: அந்தக் குறுகிய லிங்க்கைக் கம்ப்யூட்டரில், டிக்டாக்கில் நுழையாத இன்காக்னிட்டோ ஜன்னலில் (உங்கள் கணக்கு எதுவும் திறந்திராத பிரவுசரின் தனி ஜன்னல்) திறங்கள். முகவரிப் பட்டையில் நீளமான முகவரி வரும். வீடியோ எண்ணோடு நிறுத்தி, கேள்விக்குறியிலிருந்து நீக்கி, அதை அனுப்புங்கள்.

முகநூலின் பகிர் லிங்க்கும் அதே மாதிரிதான், திறந்து நீள முகவரியை எடுத்து வெட்ட வேண்டும். ஷாப்பீ மாதிரி கடை லிங்க்குகளில் கடை எண்ணும் பொருள் எண்ணும் போதும், மற்றது வேண்டாம்.

குறுக்கும் சேவையில் போட்டால் வால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. உள்ளே முழு லிங்க்கும் அப்படியே இருக்கிறது, திறந்தவுடன் முகவரிப் பட்டையில் நீளமாகத் தெரியும். முதலில் வெட்டுங்கள், அப்புறம் வேண்டுமானால் குறுக்குங்கள்.

கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தால், 2023இல் வந்த 120ஆம் பதிப்பிலிருந்து லிங்க்கின் மேல் வலது சொடுக்கினால் பின்தொடரும் குறிகள் இல்லாமல் நகலெடுக்கும் வசதி இருக்கிறது. பிரேவ் பிரவுசரிலும் உண்டு. ஐஃபோனில் ஐஓஎஸ் 17 முதல் மெசேஜஸ், மெயில், சஃபாரியின் தனி ஜன்னல் மூன்றிலும் தெரிந்த குறிகளைத் தானே நீக்கும், ஆனால் வாட்சாப்பில் ஒட்டும் லிங்க்குக்கு அது பொருந்தாது. இந்த வசதிகள் எல்லாக் குறிகளையும் பிடிப்பதில்லை, அதனால் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

வெட்டிய பிறகு கட்டாயம் திறந்து பாருங்கள். பழைய டிரைவ் கோப்புகள் சிலவற்றில் 'ரிசோர்ஸ் கீ' என்று ஒரு துண்டு இருக்கும், அதை நீக்கினால் கோப்பு திறக்காது. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

7. வெட்டினாலும் அனுப்பக் கூடாதவை

சில லிங்க்குகளில் வால்தான் சாவி. பாஸ்வேர்டு மாற்றும் லிங்க், ஈமெயிலில் வரும் ஒரே சொடுக்கில் நுழையும் லிங்க், பஸ் டிக்கெட், விமான முன்பதிவு, பார்சல் லிங்க், லைவ் லொகேஷன். கையில் வைத்திருப்பவர் யாரோ அவரையே உரிமையாளர் என்று அந்தத் தளம் நினைத்துக்கொள்ளும்.

ஈமெயிலில் வரும் செய்தி மடல்களும் இந்த வகைதான். அதில் உள்ள ஒவ்வொரு லிங்க்கிலும் உங்களுக்கென்று தனிக் குறி இருக்கும், வேறு யார் சொடுக்கினாலும் அனுப்பியவரிடம் நீங்கள் சொடுக்கியதாகப் பதிவாகும். அதை அப்படியே முன்னனுப்பாமல், கட்டுரையின் தலைப்பைத் தேடுபொறியில் போட்டு அங்கே கிடைக்கும் முகவரியை எடுத்து அனுப்புங்கள். இரண்டு நிமிட வேலை.

8. ஆப் அமைப்புகள்

டிக்டாக்கில் 'செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி', 'பிரைவசி', 'சஜஸ்ட் யுவர் அக்கவுன்ட் டு அதர்ஸ்' என்று போங்கள். தொடர்பு எண்கள், முகநூல் நண்பர்கள், லிங்க் திறப்பவர்கள் அல்லது அனுப்புபவர்கள் என்று வரிசையாக இருக்கும், எல்லாவற்றையும் மூடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எண்ணைச் சேமித்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் புனைபெயர்க் கணக்கை ஆப்பே அறிமுகம் செய்துவைக்கும்.

டெலிகிராமில் தொலைபேசி எண்ணை 'நோபடி' என்றும், எண்ணை வைத்து என்னைக் கண்டுபிடிக்கலாம் என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்றும், முன்னனுப்பும் செய்திகளில் கணக்கின் லிங்க் வருவதை 'நோபடி' என்றும் வையுங்கள். மூன்றும் தனித்தனி அமைப்பு. முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

எந்த ஆப் கேட்டாலும் தொடர்புப் பட்டியலைக் கொடுக்காதீர்கள்.

9. எந்த வழியில் அனுப்புவது?

லிங்க் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதை உங்கள் எண்ணிலிருந்து வாட்சாப் குழுவில் போட்டால் எல்லோருக்கும் எண் தெரியும். சொல்லத் தேவையில்லாத விஷயம் மாதிரி இருக்கிறது, ஆனால் அவ்வளவு பாடுபட்டுக் கோப்பைத் தயாரித்துவிட்டு, யாரோ அனுப்பியது போல "ஃபார்வர்டட்" என்று வந்தால் போதும் என்று தானே தன் தோழிக்கு அனுப்பி, அங்கேயிருந்து குழுவுக்குத் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வியே "இது முதல்ல எந்தக் குழுவுல வந்துச்சு, யார் போட்டா?" என்பதுதான்.

வாட்சாப் சேனல் என்றால் நடத்துபவரின் எண் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது, பின்தொடர்பவர்கள் ஒருவர் எண் அடுத்தவருக்கும் தெரியாது. டெலிகிராம் சேனலும் பெயர் காட்டாமல் பதிவு போட விடும். பொது விஷயத்துக்கு இரண்டில் ஒன்று நல்லது. தொடர்புகொள்ள வாட்சாப்பின் நேரடி உரையாடல் லிங்க்கைக் கொடுக்காதீர்கள், அந்த முகவரிக்குள் உங்கள் முழு எண்ணும் இருக்கிறது.

முகநூல் குழுக்களில் பெயர் காட்டாமல் பதிவிடும் வசதியை நம்பி எழுதும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குழுவின் அட்மினுக்கு உங்கள் பெயர் தெரியலாம். எங்கேயோ இருக்கும் பெரிய குழு என்றால் பரவாயில்லை. நம் டவுன் குழுவின் அட்மின் உங்கள் கணவரோடு ஃபுட்சால் விளையாடுபவராக இருக்கலாம். அட்மின் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நேரத்தையும் யோசியுங்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு போட்டால், கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர் என்று ஆகிவிடும். இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். எழுத்து நடையும் அப்படித்தான், நீங்கள் எப்போதும் மூன்று புள்ளி வைத்து எழுதுபவர் என்றால் இந்தப் பதிவில் வைக்காதீர்கள்.

10. அனுப்பும் முன் சோதனை

லிங்க்கை உங்கள் அதே பிரவுசரில் திறந்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது சோதனை ஆகாது. நீங்கள் உள்ளே நுழைந்திருப்பதால் மற்றவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது.

முதலில் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறங்கள். முகவரிப் பட்டை, பக்கத்தின் மேல் மூலை, விவரங்கள் பகுதி, அடியில் வரும் சிறு எழுத்து, நான்கையும் பாருங்கள். அப்புறம் வாட்சாப்பில் உங்களுக்கே அனுப்பி, முன்னோட்டப் பெட்டியில் என்ன வருகிறது என்று பாருங்கள். கோப்பின் பெயர் அங்கேதான் பெரிதாக வரும். "அம்மா சம்பளம் மார்ச்" என்று பெயர் வைத்த கோப்பை அப்படியே அனுப்ப இருந்தவரை நான் கடைசி நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

மூன்றாவது, நம்பகமானவரின் கைப்பேசி. அவர் தன் கூகுளிலும் டிக்டாக்கிலும் நுழைந்திருக்கும் நிலையில் திறக்கச் சொல்லுங்கள். இன்காக்னிட்டோவில் தெரியாதவை, "இவர் பகிர்ந்தார்" என்ற பட்டை, உரிமையாளர் பெயர் எல்லாம் இங்கேதான் தலைகாட்டும். உங்கள் எண்ணைச் சேமித்தவராக இருந்தால் இன்னும் நல்லது, ஊர்க்காரர் பார்ப்பதுபோலவே பார்க்கலாம்.

11. வேலை முடிந்த பிறகு, அல்லது தவறிப் போய்விட்டால்

தப்பான லிங்க் போய்விட்டது என்று தெரிந்தால் குழுவில் செய்தியை அழிப்பதற்கு முன்னால் கோப்பை மூடுங்கள். டிரைவில் 'ரிஸ்ட்ரிக்டட்' என்று மாற்றினால் எத்தனை பேரிடம் லிங்க் இருந்தாலும் திறக்காது. பலர் பதற்றத்தில் செய்தியை மட்டும் அழிக்கிறார்கள். அதற்குள் நகலெடுத்தவரிடம் லிங்க் உயிரோடுதான் இருக்கும், அழித்த அடையாளம் பார்த்து ஆர்வமும் கூடிவிடும். வாட்சாப் குழுவின் அழைப்பு லிங்க் வெளியே போய்விட்டால் 'ரீசெட் லிங்க்' அழுத்துங்கள், பழையது செத்துவிடும். டிக்டாக்கில் போன லிங்க்கைத் திரும்ப எடுக்க முடியாது, உங்கள் கணக்கின் பெயரையும் படத்தையும் உடனே மாற்றுவதுதான் வழி.

இறக்கி வைத்துக்கொண்டவரிடம் இருக்கும் நகலை எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் நான்காவது பகுதிக்கு அவ்வளவு நேரம் செலவிடச் சொன்னேன்.

புதுக் கணக்கை வேலை முடிந்த கையோடு அழித்துவிடாதீர்கள். அழித்தால் அதில் உள்ள கோப்பும் போகும், தொழிலாளர் இலாகா அதிகாரியோ வக்கீலோ ஒரு மாதம் கழித்து லிங்க்கைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. கோப்புகளின் அசலை ஒரு பென்டிரைவில் எடுத்து வீட்டுக்கு வெளியே நம்பகமானவரிடம் வையுங்கள், லிங்க்கை மூடி வையுங்கள், யாராவது முறையாகக் கேட்கும்போது அவருக்கு மட்டும் திறந்து கொடுங்கள். விவகாரம் முழுவதும் முடிந்த பிறகு கணக்கை அழிக்கலாம்.